இடைவேளையில் மாற்று ஆட்டக்காரர்கள்: அந்த 15 நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

செந்தூல்_திடல்

வணக்கம். கோலாலம்பூரில் இரவு லீக்கில் ஆடும் ஒரு காற்பந்துக் குழுவுக்கு உதவிப் பயிற்றுநராக இருக்கிறேன். இடைவேளை விசில் ஊதியதும் ஆடிய பதினொருவர் உடைமாற்றும் அறைக்குப் போகிறார்கள். பெஞ்சில் இருக்கும் எட்டுப் பேர் பந்தை எடுத்துக்கொண்டு பெனால்டி பெட்டிக்கு வெளியே வரிசையாக நின்று மாற்றி மாற்றிக் கோல் அடிக்கிறார்கள். பார்க்கும் குழுவெல்லாம் இதைத்தான் செய்கிறது. இதனால் உடலுக்கு ஏதும் ஆகிறதா? இரண்டாம் பாதி தொடங்கும் 46வது நிமிடத்தில் இறங்கப்போகிறவருக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா? நிமிடக் கணக்கோடு சொல்லுங்கள், அப்படியே எழுதி எடுத்துக்கொள்கிறேன். முழு 15 நிமிடம் உண்டு. பாதித் திடல் கிடைக்கும். கையில் 12 கோன், 6 பந்து.

கெப்போங்_பயிற்சி

வரிசையில் நின்று கோல் அடிப்பது வார்ம்-அப்பே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுப் பேர், ஒரு கோல். ஒருவர் ஓடி வந்து அடித்து விலக 9 விநாடி என்று வைத்தால், அவருடைய முறை மறுபடி வர 70 விநாடிக்கு மேல் ஆகும். பத்து நிமிடத்தில் எட்டு உதை, மற்ற நேரமெல்லாம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பது. இது போதாதென்று முதல் உதையே முழுப் பலத்தோடு போகும். முக்கால் மணி நேரம் மடங்கிக் கிடந்த இடுப்பைத் திடீரென்று பின்னால் விரித்து முன்னால் வீசினால், முன்தொடையின் மேல்பகுதியும் கவட்டைத் தசையும்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

தசையின் சூடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஓய்வில் தொடைத் தசை 36 டிகிரி. நன்றாக வார்ம்-அப் செய்து ஆட்டம் தொடங்கும்போது 39க்குப் பக்கத்தில் இருக்கும். டென்மார்க்கில் செய்து 2004ல் வெளியான ஆய்வு ஒன்றில், இடைவேளை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் தொடைத் தசை சுமார் 2 டிகிரி இறங்கியது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் அவர்களுடைய வேக ஓட்டம் 2.4 சதவீதம் குறைந்தது. இடைவேளையிலேயே ஏழு நிமிடம் போல மிதமாக ஓடியவர்களுக்கு அந்த வேக இழப்பு இல்லை. 30 மீட்டரில் 2.4 சதவீதம் என்பது 70 சென்டிமீட்டர். எட்டிப் போட்ட பந்தை யார் முதலில் தொடுவது என்பதை அந்த 70 சென்டிமீட்டர்தான் முடிவு செய்கிறது.

இத்தனைக்கும் அவர்கள் முதல் பாதி ஆடியவர்கள். மாற்று ஆட்டக்காரர் கடைசியாக வேகமாக ஓடியது ஆட்டத்துக்கு முன்பு. இடைவேளை வருவதற்குள் ஒரு மணி நேரம் கடந்திருக்கும். ஆட்டத்துக்கு முன் செய்த வார்ம்-அப்பில் அவரிடம் மிச்சம் எதுவும் இருக்காது.

அதனால் முதல் வேலை, எட்டுப் பேரையும் ஒரே கூட்டமாக நடத்துவதை நிறுத்துங்கள். 46ல் இறங்குகிறவர்கள் ஒரு பக்கம், காத்திருப்பவர்கள் ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் தேவை வேறு.

செந்தூல்_திடல்

சரி கோச், இறங்குகிறவருக்கு என்ன?

கெப்போங்_பயிற்சி

அவருடைய வேலை 40வது நிமிடத்திலேயே தொடங்க வேண்டும். தலைமைப் பயிற்றுநர் 38, 40க்குள் பெயரைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எல்லைக் கோட்டுக்கு வெளியே ஐந்து நிமிடம் மெதுவோட்டம், பக்கவாட்டு நகர்வு, குதிகாலைப் பிட்டத்தில் தட்டி ஓடுவது. விசில் ஊதும்போது அவர் பெஞ்சிலிருந்து எழக் கூடாது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு:

0 முதல் 2 நிமிடம்: பேச்சு. உதவிப் பயிற்றுநர் கையில் சிறிய பலகை. எங்கே நிற்க வேண்டும், கார்னரில் யாரைப் பிடிக்க வேண்டும், எதிரணியில் யார் எந்தக் காலில் ஆடுகிறார். மூன்று விஷயம், அதற்கு மேல் வேண்டாம்.

2 முதல் 5: 15 மீட்டர் தூரத்துக்கு இரண்டு கோன். போகும்போது ஒரு அசைவு, வரும்போது மெதுவோட்டம். முழங்காலை உயர்த்தி வெளிப்பக்கம் திறப்பது, உள்பக்கம் மூடுவது, ஒரு காலை முன்னால் நீட்டி வைத்துத் தாழ்ந்து (லஞ்ச்) உடம்பைத் திருப்புவது, ஸ்கிப், பின்னோக்கி ஓட்டம், கால் குறுக்கே போடும் பக்கவாட்டு ஓட்டம். கால் வீச்சு முன்பின் 8, பக்கவாட்டில் 8. நின்ற இடத்தில் காலைப் பிடித்து ஒரு நிமிடம் இழுத்துக்கொண்டிருப்பது இங்கே வேண்டாம். நீண்ட நேரம் இழுத்த தசை அடுத்த சில நிமிடங்களுக்குச் சக்தியை முழுதாகக் கொடுக்காது.

5 முதல் 8: பந்து. எட்டு மீட்டர் இடைவெளியில் இருவர், இரண்டு தொடுதலில் 30 விநாடி, ஒரே தொடுதலில் 30 விநாடி. பிறகு 8க்கு 8 மீட்டர் கட்டத்தில் நால்வருக்கு இருவர் ரோண்டோ (நால்வர் பந்தைச் சுற்றி அனுப்ப, நடுவிலுள்ள இருவர் பறிக்கப் பார்ப்பது), 40 விநாடி மூன்று முறை. இதற்குக் காத்திருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

8 முதல் 11: அவரவர் நிலைக்கான வேலை. விங்கர் என்றால் ஓட்டத்தில் நான்கு கிராஸ், முதல் இரண்டு பாதிப் பலத்தில். நடுத் தற்காப்பு என்றால் உயரப் பந்து ஐந்து, அதில் இரண்டு எகிறித் தலையால் அடிப்பது, 30 மீட்டர் பாஸ் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. தாக்குதல் ஆட்டக்காரர் என்றால் கோலை நோக்கி ஐந்து அடி. கோல் அடிக்கும் நேரம் இங்கேதான் வருகிறது, எட்டாவது நிமிடத்துக்குப் பிறகு.

11 முதல் 13: ஸ்பிரிண்ட். 10 மீட்டர் இரண்டு முறை, முக்கால் வேகத்தைக் கொஞ்சம் தாண்டி. 20 மீட்டர் இரண்டு, ஏறக்குறைய முழு வேகம். நடந்தே திரும்பி வர வேண்டும். கடைசியாக ஐந்து மீட்டர் ஓடி, நின்று, திரும்பி, ஐந்து மீட்டர், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

13 முதல் 15: இரண்டு மூன்று மிடறு தண்ணீர், ஜெர்சி, முன்கால் காப்பு (ஷின் கார்டு) சரிபார்ப்பு, இறங்குவது.

இதில் எதையாவது விட்டே ஆக வேண்டும் என்றால் பந்து வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிண்ட்டை மட்டும் விடாதீர்கள். பின்தொடை பிடிப்பது பெரும்பாலும் முழு வேக ஓட்டத்தில்தான். அன்றைய இரவின் முதல் முழு வேக ஓட்டம் 47வது நிமிடத்தில் எதிராளியைத் துரத்தும்போது நடக்கக் கூடாது.

பிறை_காற்பந்து

கெப்போங் அண்ணே, உங்கள் நிமிடக் கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் டென்மார்க் கணக்கை அப்படியே பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே இரவு ஒன்பது மணிக்கும் பெரும்பாலும் 27, 28 டிகிரி இருக்கும், காற்றில் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் சட்டையே நனைந்திருக்கிறது. 40வது நிமிடத்தில் தொடங்கி இடைவேளையில் இன்னும் 11 நிமிடம் ஓடவிட்டால், இறங்கும்போதே அவர் பாதி களைத்திருப்பார். மாலை 5 மணி ஆட்டமென்றால் இன்னும் மோசம்.

கெப்போங்_பயிற்சி

பாதி ஒப்புக்கொள்கிறேன் தம்பி. நம் ஊரில் தசை அவ்வளவு சீக்கிரம் ஆறாது, உண்மைதான். ஆனால் வியர்வையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வியர்வை என்பது உடம்பு தன்னைக் குளிர்விக்க எடுக்கும் முயற்சி. சட்டை நனைந்ததால் தொடைத் தசை தயாராகிவிட்டது என்று ஆகாது. காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தாலும் வியர்க்கிறது, எழுந்து ஸ்பிரிண்ட் அடிக்க முடியுமா? சூடு தவிர வேறு காரியங்களும் வார்ம்-அப்பில் நடக்கின்றன. மூட்டுகள் முழு வீச்சுக்குத் திறக்க வேண்டும், நரம்பு முழு வேகத்துக்குப் பழக வேண்டும், கண்ணும் காலும் பந்தின் வேகத்தைப் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் வெயில் செய்து கொடுக்காது.

வெப்பத்துக்காக மாற்ற வேண்டியது அளவு மட்டுமே. மாலை ஆட்டத்தில் 40வது நிமிடத்து மெதுவோட்டத்தை இரண்டு நிமிடமாக்குங்கள். இடைவேளையில் மொத்த வேலை எட்டு நிமிடம் போதும். அசைவுகள் இரண்டு, பந்து இரண்டு, நிலை வேலை இரண்டு, ஸ்பிரிண்ட் இரண்டு. ஸ்பிரிண்ட்டின் எண்ணிக்கையும் வேகமும் அப்படியே இருக்க வேண்டும்; வெட்டுவது மெதுவோட்டத்தையும் ரோண்டோவையும்தான். நடுவில் நிற்கும் நேரத்துக்குக் கூடாரத்தின் நிழல்.

ஐஸ் தண்ணீரில் நனைத்த துவாலை கழுத்துக்கும் தலைக்கும் மட்டும். தொடையில் போடக் கூடாது. ஐஸ் பெட்டியில் நான்கு துவாலை ஊறிக் கிடக்கட்டும். ஒருவர் கழுத்தில் 30 விநாடி வைத்து எடுத்தால் போதும். மேலுடம்பு குளிர வேண்டும், கால் சூடாகவே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும்.

பிறை_காற்பந்து

அப்படியென்றால் ஒத்துக்கொள்கிறேன். எட்டு நிமிடம் என்றால் இங்கேயும் ஓடும்.

சௌவ்கிட்_10

நம் ஊரில் தசை ஆறாது என்று சொல்லும்போது ஏர்கான் அறையை மறந்துவிடாதீர்கள். கொஞ்சம் நல்ல அரங்கமென்றால் உடைமாற்றும் அறையில் ஏர்கான் 18ல் ஓடும். நனைந்த சட்டையோடு அதில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் டென்மார்க்தான். இறங்கப்போகிறவரை அந்த அறைக்குள் விடவே வேண்டாம். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் காய்ந்த சட்டை, தொடைமேல் காய்ந்த துண்டு, ஏர்கான் காற்று நேரே படாத மூலை.

செந்தூல்_திடல்

இங்கேதான் எனக்கு அடுத்த சிக்கல். அறைக்குள் போகாவிட்டால் தலைமைப் பயிற்றுநர் பேசுவதை அவர் கேட்க முடியாது. எங்கள் கோச் எல்லாரும் உள்ளே இருந்தாக வேண்டும் என்கிறார். இறங்குகிறவரும் உள்ளே போய் உட்கார்ந்து, கடைசி மூன்று நிமிடத்தில் ஓடி வந்து கொஞ்சம் குதிக்கிறார், அவ்வளவுதான்.

தாமான்_ஆட்டம்

நான் உங்கள் தலைமைப் பயிற்றுநர் பக்கம். இரண்டாம் பாதிக்கு ஆட்ட அமைப்பையே மாற்றுகிறார் என்றால், புதிதாக இறங்குகிறவர்தான் அதை மற்றவர்களைவிட நன்றாகக் கேட்டிருக்க வேண்டும். 4-4-2 இலிருந்து மூன்று தற்காப்புக்கு மாறும்போது, விங்-பேக்காக இறங்குகிறவருக்கு யார் தன் பின்னால் மூடுகிறார் என்று தெரியவில்லையென்றால், தசை 39 டிகிரியில் இருந்தும் என்ன பயன்? பலகையில் இரண்டு நிமிடம் காட்டினால் அவருடைய வேலை புரியும். பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்லப்பட்டது என்பது புரியாது.

கெப்போங்_பயிற்சி

நியாயமான பேச்சு. ஆனால் அறைக்குள் உண்மையில் நடப்பதைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். முதல் மூன்று நான்கு நிமிடம் யாரும் பேசுவதில்லை. தண்ணீர், கழிப்பறை, டேப் மாற்றுவது, மூச்சு வாங்குவது. பயிற்றுநர் பேசுவது நடுவில் நான்கைந்து நிமிடம். பிறகு மறுபடி பூட்ஸ் கட்டுவது. அதனால் வேலையை இரண்டாகப் பிரிக்கலாம். விசில் ஊதியதும் இறங்குகிறவர் திடலிலேயே நின்று நான்கு நிமிடம் அசைவுகளும் பந்தும் முடிக்கட்டும். 4 முதல் 9 வரை உள்ளே போய் நின்றுகொண்டே கேட்கட்டும். உட்காரக் கூடாது, சுவர் ஓரமாக நின்று கணுக்காலை ஆட்டிக்கொண்டே இருக்கலாம். 9ல் வெளியே வந்து ஸ்பிரிண்ட்டும் நிலை வேலையும். ஐந்து நிமிடத்தில் தசை பெரிதாக ஆறாது. கடைசி வேகம் இறங்குவதற்கு ஒட்டியே வருகிறது. அதுதான் வேண்டும்.

இதற்கு உடைமாற்றும் அறை திடலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். படியேறி இரண்டு நிமிடம் நடக்க வேண்டிய இடமென்றால் பலகை முறைதான்.

தாமான்_ஆட்டம்

பிரித்துச் செய்வது சரிதான். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: செட்-பீஸில் (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவை) யார் யாருக்கு என்ற தாளை முன்கூட்டியே எழுதி வைத்து, மாற்று ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் யாருடைய இடத்தை எடுக்கிறார் என்று ஆட்டத்துக்கு முன்பே காட்டிவிட்டால், இடைவேளையில் சொல்ல வேண்டியது பாதியாகக் குறையும்.

விசில்_கோடு

நடுவர் பக்கத்திலிருந்து சில விஷயங்கள், இவை தெரியாமல்தான் பல குழுக்கள் கடைசி நிமிடத்தில் ஓடுகின்றன.

இடைவேளை 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம் 7. ஐந்து மாற்றம் அனுமதிக்கும் போட்டியில் ஆட்டத்தின்போது மூன்று வாய்ப்புகளில்தான் மாற்ற முடியும். இடைவேளையில் செய்யும் மாற்றம் அந்த மூன்றில் சேராது. 2020ல் தற்காலிகமாக வந்தது, 2022ல் நிரந்தரமானது. இதனால் இப்போது இடைவேளையில் இரண்டு மூன்று பேரை ஒரே சமயத்தில் இறக்குவது சாதாரணமாகிவிட்டது. ஆக, மேலே சொன்ன திட்டம் ஒருவருக்கு மட்டும் இல்லாமல் மூவருக்கும் பொருந்த வேண்டும். அந்த 15 மீட்டர் தடத்தை மூன்று வரிசையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இடைவேளை மாற்றத்தை இரண்டாம் பாதி தொடங்குமுன் நடுவரிடம் சொல்லி முடித்திருக்க வேண்டும். சொல்லாமல் இறங்கிவிட்டால் அவரை வெளியேற்றுவதில்லை, அட்டையும் இல்லை, ஆனால் அறிக்கையில் போகும். சொல்ல ஒருவரை நியமித்துவிடுங்கள். வார்ம்-அப் நடத்துகிறவரும் நடுவரிடம் மாற்றச் சீட்டு கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் இரண்டில் ஒன்று கெடும்.

முதல் பாதியில் எல்லைக் கோட்டுக்கு வெளியே எத்தனை பேர் ஒரே நேரத்தில் வார்ம்-அப் செய்யலாம், எங்கே, பந்தோடு செய்யலாமா என்பதைப் போட்டி விதி சொல்லும். ஆட்டத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். இரண்டு அணியின் நிறத்திலிருந்தும், கோல் காவலர்களின் நிறத்திலிருந்தும் வேறுபட்ட பிப் (ஜெர்சிக்கு மேல் போடும் கையில்லாத மேலங்கி) கட்டாயம் போட்டிருக்க வேண்டும்.

கடைசியாக, கையைப் பாருங்கள். வெள்ளிக் காப்பு, மோதிரம், கழுத்துச் சங்கிலி, கடுக்கன் எதுவும் கூடாது. மேலே டேப் சுற்றி மறைப்பதும் கூடாது. நம் பிள்ளைகள் பலர் சிறு வயதில் போட்ட காப்பைக் கழற்றுவதே இல்லை. கட்டை விரல் அடியில் மாட்டிக்கொண்டால் சோப்புத் தண்ணீர் இல்லாமல் வராது. 46வது நிமிடத்தில் நான்காம் நடுவர் காப்பைக் காட்டி நிறுத்தினால், செய்த வார்ம்-அப் எல்லாம் எல்லைக் கோட்டில் நின்றே ஆறிப்போகும். பெஞ்சுக்கு வரும்முன்பே கழற்றச் சொல்லுங்கள். சாமிக் கயிறு நடுவரின் முடிவு. நேரத்தோடு கேட்டுவிட்டால் பிரச்சினை இல்லை.

கோல்கம்பம்

யாரும் மாற்றுக் கோல் காவலரைப் பற்றிப் பேசவில்லை. வருத்தமாக இருக்கிறது.

இடைவேளையில் எட்டுப் பேரும் கோல் அடிக்கிறார்கள் என்று சொன்னீர்களே, அந்தக் கோலில் நிற்பது அவர்தான். பத்து நிமிடத்தில் அறுபது பந்து. பெட்டி ஓரத்திலிருந்து முழுப் பலத்தோடு, பெரும்பாலும் கோலுக்கு வெளியே அல்லது அவர் எட்டவே முடியாத மூலைக்கு. பாதி நேரம் வலைக்குள் குனிந்து பந்து பொறுக்குகிறார். விரல் நசுங்குவது, தோள் இழுப்பது எல்லாம் இங்கேதான் நடக்கும். அவருடைய வேலையில் ஒரு துளிகூட நடப்பதில்லை.

அவருக்குத் தேவையானது இவ்வளவுதான், ஏழு நிமிடம்:

ஐந்து மீட்டரிலிருந்து கையால் எறிந்த பந்தைப் பிடிப்பது 10, மார்பு உயரம், தலை உயரம், தரையோடு கலந்து. முழங்காலில் நின்று பக்கவாட்டில் விழுவது பக்கத்துக்கு 3, பிறகு நின்ற நிலையில் பக்கத்துக்கு 3. உயரப் பந்துக்கு எகிறிப் பிடிப்பது 4, முன்னால் ஒருவர் நின்று லேசாக இடிக்க வேண்டும். எட்டு மீட்டரிலிருந்து மிதமான அடி 6. பின்னால் வரும் பாஸை இரண்டு காலாலும் திருப்புவது 6. கடைசியாகக் கோல் உதை 4, இரண்டு பாதித் தூரம், இரண்டு முழுத் தூரம். நீண்ட உதை கடைசியில் வருவது கவட்டைக்காக.

தாக்குதல் ஆட்டக்காரர்களுக்குக் கோல் வேண்டும் என்றால் ஐந்து அடிக்கு அவர் நிற்கட்டும், அதுவும் தன் வேலை முடிந்த பிறகு. இல்லையென்றால் காலிக் கோலில் கம்பத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு கோனை வைத்து அந்த இடைவெளியைக் குறிபார்க்கச் சொல்லுங்கள். கூர்மைக்கு அதுவே நல்லது.

செந்தூல்_திடல்

கோல்கம்பம் ஐயா, இதை யோசிக்கவே இல்லை. எங்களிடமும் அப்படித்தான் நடக்கிறது. இன்றே மாற்றுகிறேன்.

காத்திருப்பவர்கள் ஐந்து பேருக்கு என்ன? அவர்களில் ஒருவர் 60ல் வரலாம், ஒருவர் வராமலே போகலாம்.

கெப்போங்_பயிற்சி

அவர்களுக்கு ஆறு நிமிடம் போதும். இரண்டு நிமிட அசைவுகள், மூன்று நிமிட ரோண்டோ, ஆளுக்கு 20 மீட்டர் ஓட்டம் இரண்டு, முக்கால் வேகத்தில். முடிந்ததும் மேல்சட்டை போட்டு உட்கார வேண்டும். இரண்டாம் பாதியில் 10, 12 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து மூன்று நிமிடம். வரிசையாகப் பெயர் எழுதி ஒருவர் கவனித்தால்தான் இது நடக்கும். "போங்க, கொஞ்சம் ஓடுங்க" என்று பொதுவாகச் சொன்னால் கொடிக்கம்பத்தின் பக்கம் நின்று ஆட்டத்தைத்தான் பார்ப்பார்கள்.

எதிர்பாராமல் இறங்க வேண்டிய நிலையையும் கணக்கில் வையுங்கள். 2019 மே 7, ஆன்ஃபீல்டில் பார்சலோனாவுக்கு எதிரான லிவர்பூலின் ஆட்டம். ராபர்ட்சனுக்கு அடிபட்டதால் வைனால்டம் இடைவேளையில் இறங்கினார். 54, 56வது நிமிடங்களில் இரண்டு கோல். இறங்கிப் பதினொரு நிமிடத்துக்குள் முழு வேகத்தில் பெட்டிக்குள் ஓடி அடித்த கோல்கள் அவை. அடிபடுவது இடைவேளைக்குள் போன பிறகுதான் பல நேரம் தெரியும்: கட்டை அவிழ்த்துப் பார்த்தால் கணுக்கால் வீங்கியிருக்கும். அதனால் காத்திருப்பவர்களில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒருவர், தற்காப்பு, மத்தியத் திடல், தாக்குதல், ஸ்பிரிண்ட் வரைக்கும் முழுதாக முடித்திருக்க வேண்டும்.

புக்கிட்_பெண்டரா

ஃபிஃபா 11 பிளஸ் என்ற காயத் தடுப்பு வார்ம்-அப் திட்டத்தை அப்படியே இடைவேளையில் செய்யலாமா? எங்கள் இளையோர் குழுவுக்கு அது நன்றாகப் பழகிவிட்டது.

கெப்போங்_பயிற்சி

முழுதாக வேண்டாம். மொத்தம் 20 நிமிடம் ஆகும். நடுப்பகுதியில் உள்ள பிளாங்க், ஒற்றைக்கால் சமநிலை, பின்தொடைக்கான நார்டிக் (முழங்காலிட்டு மெதுவாக முன்னால் சாய்வது) எல்லாம் பயிற்சி நாளுக்கானவை. நார்டிக்கை ஆட்டத்துக்கு நடுவில் செய்தால் பின்தொடையைக் களைப்பாக்கிவிட்டு உடனே ஸ்பிரிண்ட் அடிக்கச் சொல்வது போல் ஆகும். ஆட்டத்துக்கு முன்பே ஓட்டப் பகுதிகளான முதல், மூன்றாம் பகுதிகளை மட்டும் செய்யச் சொல்கிறது அந்தத் திட்டம். அந்த இரண்டிலிருந்து எடுத்தால் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை: இடுப்புத் திறப்பு, இடுப்பு மூடல், தோள் மோதும் குதிப்பு, பிறகு திடலுக்குக் குறுக்கே வேக ஓட்டம், வெட்டித் திரும்பும் ஓட்டம்.

ஜெலுத்தோங்_மூத்தோர்

அரங்கம், ஏர்கான் அறை எல்லாம் இல்லாத ஆட்டங்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள். எங்களுடையது 40 வயதுக்கு மேற்பட்டவர்களின் ஆட்டம். பாடாங்கில் (பொதுத் திடலில்) மாலை, பாதிக்கு 30 நிமிடம், இடைவேளை பத்து நிமிடம்கூட இருக்காது. வெளியே போனவர் மறுபடி உள்ளே வரலாம்.

சௌவ்கிட்_10

மூத்தோருக்குக் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும்தான் முதல் கவலை. ஸ்பிரிண்ட்டுக்குப் போகும்முன் இரண்டு காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவது 12, ஒற்றைக்காலில் 6, பிறகு நின்ற இடத்தில் கணுக்காலால் மட்டும் சிறிய துள்ளல் 15. இந்த மூன்றும் ஒரு நிமிடம்தான். இதைச் செய்யாமல் 10 மீட்டர் வேகம் எடுத்தால், யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்தது போல் கெண்டைக்காலில் ஒரு அடி விழும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அது தசைக் கிழிசல்.

முழு வேகம் அவர்களுக்கு வேண்டாம், படிப்படியாக ஏற்றும் ஓட்டம் நல்லது: 30 மீட்டரில் முதல் பத்து மெதுவாக, நடுப் பத்து வேகமாக, கடைசிப் பத்து நல்ல வேகம். மூன்று முறை. மொத்தம் ஆறு நிமிடத்தில் எல்லாம் முடியும். மறுபடி உள்ளே வரலாம் என்பதால், இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பே வெளியே வந்தவரையே மறுபடி இறக்குவது பாதுகாப்பு. அவர் உடம்பு இன்னும் முழுதாக ஆறியிருக்காது.

பிறை_காற்பந்து

மழை பெய்த திடலில் வேறு ஒன்றும் கவனிக்க வேண்டும். மாலை மழைக்குப் பிறகு கோல் முன்னால் சேறாகிவிடும். இடைவேளையில் அங்கேயே எட்டுப் பேர் மிதித்தால் இரண்டாம் பாதிக்குத் திடல் இருக்காது. திடல் பராமரிப்பவர் பெயர்ந்த புல்லைத் தட்டி வைக்க வரும்போது அவரோடு சண்டை போட வேண்டாம். எல்லைக் கோட்டுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள பக்கத் துண்டு போதும், 15 மீட்டர் தடம் அங்கே அடங்கும். கோல் வேலைக்குச் சிறு கோல் இரண்டு கோனால் போட்டுக்கொள்ளலாம்.

பூட்ஸின் அடிக்குமிழ்களை (ஸ்டட்) மாற்றுவதென்றால் வார்ம்-அப்புக்கு முன்பே மாற்ற வேண்டும். ரப்பர் மோல்டில் ஓடிவிட்டு நீளமான ஸ்டட்டில் இறங்கினால் முதல் வெட்டில் கால் பிடித்துக்கொள்ளும், முழங்கால் திரும்பும்.

செந்தூல்_திடல்

குடிப்பது எவ்வளவு? எங்கள் பையன்கள் இடைவேளையில் ஹண்ட்ரட் பிளஸ் என்ற வாயு கலந்த விளையாட்டுப் பான டின்னைத் திறந்து ஒரே மூச்சில் முடிப்பார்கள்.

சௌவ்கிட்_10

காத்திருப்பவர் குடிக்கலாம். 46ல் இறங்குகிறவர் ஒரே மூச்சில் குடித்தால் வாயு வயிற்றில் ஏறி முதல் ஸ்பிரிண்ட்டில் பக்கவாட்டில் குத்தும். வாயு இல்லாத வகை வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு மணி நேரம் முன்பே பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி வாயுவை வெளியேற்றுங்கள். 35வது நிமிடம் வாக்கில் 200 மில்லி, இடைவேளை முடியும்போது இரண்டு மிடறு. பசி என்றால் சின்ன பிசாங் மாஸ் வாழைப்பழம் ஒன்று, அதுவும் 35லேயே. தைப்பூச விரதத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறவரை இடைவேளையில் இறக்கப்போகிறீர்கள் என்றால் அதை முன்கூட்டியே தெரிந்து வையுங்கள். அவருக்கு முழு 11 நிமிட வேலை கொடுக்காமல் எட்டோடு நிறுத்துங்கள்.

செந்தூல்_திடல்

இன்னும் ஒன்றே ஒன்று. எல்லாம் கணக்காக முடித்து 15வது நிமிடத்தில் நிற்கிறோம், எதிரணி அறையிலிருந்து வரவில்லை, இல்லை, தூரத்தில் மின்னல் என்று நடுவர் நிறுத்தி வைக்கிறார். அப்போது?

விசில்_கோடு

எதிரணி தாமதமென்றால் நடுவர் கூப்பிட்டு வரவழைப்பார், இரண்டு மூன்று நிமிடம்தான். மின்னலென்றால் எல்லாரும் திடலைவிட்டு உள்ளே போக வேண்டும், வார்ம்-அப்பும் நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கெப்போங்_பயிற்சி

மூன்று நிமிடத் தாமதத்துக்கு ஒன்றும் வேண்டாம். நின்ற இடத்திலேயே கணுக்கால் துள்ளல், பக்கவாட்டு நகர்வு, ஒரு பத்து மீட்டர் ஓட்டம். மின்னலுக்காக உள்ளே போனால் நடைபாதையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிட அசைவுகள், குந்தி எழுவது 8. ஈர சிமெண்டில் ஸ்டட் வழுக்கும், அதனால் ஓட்டம் கூடாது. பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலணியில் செய்யட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் மறுபடி தொடங்கும்முன் ஸ்பிரிண்ட் பகுதியை முதலிலிருந்து செய்ய வேண்டும், மாற்று ஆட்டக்காரர் மட்டும் இல்லை, 22 பேரும். நீண்ட தடையென்றால் நடுவர் மறுபடி வார்ம்-அப்புக்கு நேரம் கொடுப்பது வழக்கம், ஐந்து நிமிடமாவது கேட்டு வாங்குங்கள்.

செந்தூல்_திடல்

சனிக்கிழமை ஆட்டம். மூன்று வரிசைத் தடம், கோல் காவலருக்குத் தனி இடம், 4 முதல் 9 அறைக்குள். காப்பைக் கழற்றச் சொல்லி இப்போதே குழுவில் செய்தி போட்டுவிட்டேன், சோப்பும் பையில் வைத்தாயிற்று.